குப்பை மேட்டில் ஒரு காடு! மயிலாடும்பாறையில் முளைக்குமா?

சென்னை கோட்டூர்புரத்தில் குப்பையும் கட்டிட இடிபாடும் கொட்டிக் கிடந்த ஆற்றங்கரை நிலம் இன்று காடாக நிற்கிறது. அதை உண்டாக்கியது பெரிய கம்பெனி அல்ல, காண்டிராக்டரும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் மண்வெட்டியும் வாளியுமாக வந்த சாதாரண ஜனங்கள்!

இதே வேலையைத் தேனி மாவட்டம் மயிலாடும்பாறையில் செய்ய முடியுமா? செய்தால் என்ன மரம் நடுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் ஊற்றுவது யார்?

வைகைத் தண்ணீரைக் குடிக்கிற மதுரைக்காரர்களுக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு. இது பற்றிய விவரம் வருமாறு:-

மணல் ஓடும் ஆறு

தேனியில் பஸ் ஏறினால் கண்டமனூர், கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறை வரும். அதற்கு மேல் வருசநாடு. பிறகு மலைதான். (நாலாயிரம் வருடத்து இரும்பு கிடைத்ததாக 2022-ல் பேப்பரில் வந்த மயிலாடும்பாறை இது அல்ல. அது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.)

வருசநாட்டு மலையில் பிறந்து இறங்கும் மூல வைகை இந்த வழியாகத்தான் வருகிறது. மழைக்காலத்தில் கரை புரளும். கோடையில் வெறும் மணல். 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்கு இந்த ஆறும் தண்ணீர் கொண்டு போகிறது. அணையில் இருந்து மதுரைக்குக் குடிதண்ணீர் போகிறது.

ஆக, மதுரையில் ஒருவர் குழாயைத் திறக்கும்போது மயிலாடும்பாறை பக்கத்து மழையும் அதில் சேர்ந்து வருகிறது. மலையிலும் கரையிலும் மரம் இருந்தால் மழை நின்று இறங்கும். மரம் இல்லாவிட்டால் மண்ணை அள்ளிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடும். அணையில் சேர்ந்த வண்டல் அப்படி வந்ததுதான்.

மலைக்கு மேலே உள்ள காட்டைக் காக்க 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகை பிறக்கும் மலைகளைப் பாதுகாப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

ஆனால் கீழே ஊருக்குள் "காடு வளர்க்கலாம்" என்று சொன்னால் எல்லோர் முகமும் மலர்ந்து விடாது. காரணம் உண்டு. மலையில் பல வருடமாகப் பயிர் செய்கிறவர்களை வெளியேற்றும் பிரச்சினை கோர்ட்டு, மறியல், மனு என்று இந்தப் பக்கத்தில் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. எனவே காடு என்றதும் சிலருக்குப் புலி ஞாபகம் வராது. நோட்டீசு ஞாபகம்தான் வரும்!

போதாக்குறைக்கு, இங்கே "காட்டுக்குப் போறேன்" என்றால் தோட்ட வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். காடு என்றால் சோறு. அதை எடுத்துக்கொள்ள யாரோ வருகிறார்கள் என்ற பயம் இருக்கும் வரை ஒரு கன்றுகூடப் பிழைக்காது.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். இங்கே பேசப்படுவது மலைக்காடு அல்ல. பள்ளிக்கூடத்துப் பின்புறம், கண்மாய்க் கரை, சுடுகாட்டு ஓரம், கோயில் நிலம் போன்ற பொது இடத்தில் ஐந்து சென்ட், பத்து சென்ட் அளவில் ஊர்க்காரர்களே வளர்க்கும் குட்டிக் காடு.

கோட்டூர்புரத்தில் நடந்தது

சென்னையில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. பறக்கும் ரெயிலில் கோட்டூர்புரம் ஸ்டேஷனில் இறங்கினால் அடையாற்றங்கரையில் பொதுப்பணித்துறை நிலம். ஒரு காலத்தில் லாரி லாரியாக இடிபாடு வந்து விழுந்த இடம்.

2006-ல் "நிழல்" என்ற தொண்டு அமைப்பு அந்த இடத்தைக் கையில் எடுத்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், ஆபீசு வேலை பார்ப்பவர்கள், மாணவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். கல்லைப் பொறுக்கினார்கள். குழி வெட்டினார்கள். மக்கிய இலையைப் போட்டு மண்ணை மறுபடியும் மண்ணாக்கினார்கள்.

அலங்காரச் செடி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. நம் கடற்கரைப் பக்கத்துக்கு உரிய மரங்களாகத் தேடி வைத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் அங்கே சேர்ந்தன. பட்டாம்பூச்சி வந்தது. பறவை வந்தது. பாம்பும் வந்திருக்கும். காடு என்றால் எல்லாம்தான்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நட்ட நாள் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போகலாம். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அந்தக் காட்டை உண்டாக்கின. வழக்கமாக நடப்பது என்ன? பந்தல், மைக்கு, பொன்னாடை, போட்டோ. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கன்று இருந்த இடத்தில் குச்சி. அடுத்த வருடம் அதே குழியில் புதுக் கன்று, புதுப் பொன்னாடை!

சென்னையில் இது ஒன்று மட்டும் அல்ல. அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கேயும் குப்பையை அகற்றிவிட்டு நாட்டு மரங்களைத்தான் கொண்டுவந்தார்கள். அந்த வேலைக்கு உதவியவர்கள் ஆரோவில்லில் பிச்சாண்டிக்குளம் காட்டை வளர்த்தவர்கள். ஆரோவில் 1968-ல் தொடங்கியபோது செம்மண் அரித்துப் போன பொட்டல் மேடு. பக்கத்து ஊர்க் கோயில் காடுகளில் மிச்சம் இருந்த மரங்களில் விதை எடுத்துத்தான் அங்கே காடு வளர்த்தார்கள்.

புயல் வைத்த பரீட்சை

நாட்டு மரம், நாட்டு மரம் என்று ஏன் பிடிவாதம் என்று கேட்கலாம். 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையில் அதற்குப் பதில் சொன்னது. அன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ரோடு அடைத்தது. கார் நசுங்கியது. கரண்டு போய்ப் பல நாள் வரவில்லை.

சாய்ந்தவற்றில் குல்மொகர், தூங்குமூஞ்சி மாதிரி வெளிநாட்டு மரங்கள் ஏராளம். குல்மொகர் மடகாஸ்கர் தீவில் இருந்து வந்தது. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்து மரம். சீக்கிரம் வளரும், பூக்கும், நிழல் தரும். பலத்த காற்று வந்தால் படுத்துவிடும். நாட்டு மரமும் விழாமல் இல்லை. வேர் ஓட முடியாமல் சுற்றிலும் சிமெண்டு பூசிய மரம் எந்த ஊர் மரமாக இருந்தால் என்ன? ஆனால் சேதக் கணக்கு பார்த்த மர நிபுணர்கள் நாட்டு மரத்தின் பக்கமே கை காட்டினார்கள்.

ஜப்பான்காரர் சொன்ன வழி

இப்போது ஊர் ஊராக அடிபடும் பெயர் மியாவாக்கி. அது மரத்தின் பெயர் அல்ல, மனிதரின் பெயர். அகிரா மியாவாக்கி ஜப்பானியத் தாவரவியல் பேராசிரியர். 1928-ல் பிறந்தவர், 2021-ல் தமது 93-வது வயதில் காலமானார். 1970-களில் இரும்பு ஆலை வளாகங்களில் ஆரம்பித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் குட்டிக் காடு நட்டவர்.

அவர் பாடம் படித்த இடம் எது தெரியுமா? ஜப்பானியக் கிராமங்களின் கோயில் தோப்புகள்! ஊரெல்லாம் வெட்டி முடித்த பிறகும் சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட தோப்பில் அந்த மண்ணின் பழைய மரங்கள் அப்படியே இருந்தன. அதைப் பார்த்துத்தான் எந்த ஊருக்கு எந்த மரம் என்று அவர் பட்டியல் போட்டார். நம்ம ஊர் அய்யனார், கருப்பசாமி காட்டில் குச்சி ஒடிக்கக்கூடாது என்று கிழவிகள் சொன்னதும் இதே கணக்குதான்.

அவர் முறைப்படி மண்ணை ஆழமாகக் கிளறி, எருவும் மக்கும் உமியும் கலக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள் நெருக்கமாக நட வேண்டும். உயர மரம், நடுத்தர மரம், புதர் எல்லாம் கலந்து இருக்க வேண்டும். மேலே வைக்கோல் மூடாக்கு. இரண்டு, மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிக் களை எடுக்க வேண்டும். அப்புறம் யாரும் கிட்டே போகத் தேவையில்லை. கன்றுகள் வெயிலுக்குப் போட்டி போட்டுக்கொண்டு சரசரவென்று உயரும்.

பெங்களூர் பக்கம் டொயோட்டா கார் தொழிற்சாலைக்கு இந்தக் காடு நட அவர் வந்திருந்தார். அங்கே வேலை பார்த்த என்ஜினீயர் சுபேந்து சர்மா அதைப் பார்த்துவிட்டுக் கார் வேலையையே விட்டுவிட்டார். 2011-ல் காடு நட்டுக் கொடுக்கவே கம்பெனி ஆரம்பித்தார். சென்னை மாநகராட்சியும் 2020-ல் அதே கோட்டூர்புரத்தில் இந்த முறையில் ஒரு காடு நட்டது. பிறகு வேறு ஏரியாக்களுக்கும் போயிற்று. வேலை வேகமாகத்தான் நடந்தது.

ஆனால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடும் கூத்தும் நடக்கிறது. போர்டில் மியாவாக்கி காடு என்று இருக்கும். உள்ளே கொய்யா, மாதுளை. கொய்யா அமெரிக்கக் கண்டத்து மரம், மாதுளை பாரசீகப் பக்கத்தது. பழம் தின்ன நல்லது. காடு என்று சொல்லலாமா?

200 குடமா, 21 குடமா?

இப்போது மயிலாடும்பாறைக்கு வருவோம். ஜப்பானில் வருடம் முழுக்க மழை. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பிழைப்பு. மேற்கே கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவ மழையை மலை தடுத்துவிடும். இந்தப் பக்கம் காற்றுதான் மிச்சம்.

ஐந்து சென்ட் இடம் என்றால் சுமார் 200 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு மூன்று கன்று வீதம் 600 கன்றுகள். கன்றுக்கு ஐந்து லிட்டர் ஊற்றினால் ஒரு தடவைக்கு 3 ஆயிரம் லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 200 குடம்!

அதே ஐந்து சென்டில் பத்தடிக்கு ஒரு குழி வெட்டினால் 21 குழிதான் வரும். குழிக்கு ஒரு குடம் என்றாலும் 21 குடத்தோடு வேலை முடிந்தது.

சித்திரை வெயிலில் வாரத்துக்கு இரண்டு தடவை இந்தக் குடம் யார் இடுப்பில் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. குடிக்கவே பொம்பளைகள் குழாயடியில் காத்துக் கிடக்கிற மாதத்தில் 200 குடத்தைக் கன்றுக்கு ஊற்று என்று எந்த ஆபீசர் வந்து சொன்னாலும் நடக்காது. நடக்கவும் கூடாது.

நெருக்கி நட்டால் நிழல் விழுந்து மண் ஈரம் காக்கும், மூன்று வருடத்துக்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் வேண்டாம் என்று அந்த முறைக்காரர்கள் வாதம் செய்கிறார்கள். உண்மைதான். போர்வெல்லும் டேங்கர் லாரியும் உள்ள நகரத்தில் அது எடுபடும். ஆனால் வறண்ட பூமிக்கு அடர்ந்த காடு இயல்பே அல்ல என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இந்திய மரங்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய பிரதீப் கிருஷன் அவர்களில் முக்கியமானவர். முள்ளும் புல்லும் இடைவெளி விட்டு நிற்கும் மரமும் சேர்ந்ததும் காடுதான் என்பது இவர்கள் கட்சி. மயிலாடும்பாறை வெயிலில் நின்று பார்த்தால் இந்தக் கட்சி பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

பாறையைத் தட்டிப் பார்த்தார்கள்

பிரதீப் கிருஷன் சும்மா பேசிவிட்டுப் போனவர் அல்ல. ராஜஸ்தானில் ஜோத்பூர் கோட்டையை ஒட்டிய பாறை நிலத்தை 2006-ல் ஒப்புக்கொண்டார். சுமார் 70 ஹெக்டேர். கல்லுக்கு நடுவே முழுக்க முழுக்கச் சீமைக் கருவேலம். வெட்ட வெட்டத் துளிர்த்தது.

என்ன செய்தார்கள்? கல் உடைப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட உள்ளூர் ஆட்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டிச் சத்தத்தை வைத்தே விரிசல் எங்கே ஓடுகிறது என்று சொன்னார்கள். உளி வைத்துக் கருவேல மரத்தை வேரோடு பெயர்த்தார்கள். அப்படிப் பெயர்த்த குழியிலேயே அந்தப் பாலைவனப் பாறைக்கு உரிய செடிகளை வைத்தார்கள். 2011-ல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று ஜனங்கள் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு போய் முட்செடி பார்க்கிறார்கள்!

பெயரிலேயே பாறை உள்ள ஊருக்கு இது ஜப்பானைவிடப் பக்கத்துக் கதை.

சீமைக் கருவேலம் இங்கேயும் உண்டு. 2017-ல் அதை வேரோடு அகற்றச் சொல்லி மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவிட்டது. தாலுகா தாலுகாவாகப் பொக்லைன் இறங்கியது. அதே வருடம் சென்னையில் ஐகோர்ட்டின் முதல் அமர்வு அதற்குத் தடை போட்டது. விஞ்ஞான ஆய்வு நடக்கட்டும் என்று கூறிவிட்டது. அவசரத்தில் வெட்டினால் நம்ம வெள்வேலுக்கும் குடைவேலுக்கும் சேர்த்தே வெட்டு விழும். முள் இருப்பதெல்லாம் சீமை அல்ல. தவிர, விறகும் கரிமூட்டமும் பல ஏழைக் குடும்பங்களின் அடுப்பு. மாற்று மரம் வளர வளர இதைக் குறைப்பதுதான் முறை.

உசிலை இருக்க ஊட்டிச் செடி எதற்கு?

அப்படியானால் இங்கே என்ன நடலாம்? நர்சரியில் கேட்டால் பூக்கிற மரம், சீக்கிரம் வளர்கிற மரம் என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கு முன் சுற்றுவட்டாரத்தில் எது தானாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் மரம் உசிலை. பக்கத்து உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்த மரம். இதன் இலையை அரைத்தால் அரப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைமுறைக்குத் தெரியும். எந்தக் கோடையையும் தாங்கும். அடுத்து வெள்வேல். இதன் காயை ஆடு விரும்பித் தின்னும். வேம்பு, வாகை, ஆத்தி, விளா, வில்வம், வெட்பாலை, மஞ்சணத்தி, இலந்தை எல்லாம் மேட்டு நிலத்துக்கு. கீழே புதராக ஆவாரை, சூரை, காரை. பாறை இடுக்கில் கல் இச்சி தானே வேர் விடும்.

ஆற்றங்கரைக்கு வேறு கணக்கு. நீர்மருது, புங்கு, நாவல், அத்தி, இலுப்பை. கரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் மரங்கள். மூல வைகைக் கரைக்கு இவற்றை விட்டுவிட்டு யூக்கலிப்டஸ் வைப்பது பாவம்.

இலவ மரத்தைச் சொல்லவில்லையே என்று கடமலை-மயிலைக்காரர்கள் கோபிக்கக்கூடாது. இந்தப் பக்கம் பல தோட்டங்களுக்கு இலவம்பஞ்சுதான் சோறு போடுகிறது. மதுரையில் மெத்தை வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் பஞ்சு தரும் அந்த இலவு கடல் கடந்து வந்த மரம். நம்ம ஊர் மரம் முள்ளிலவு, சிவப்பாகப் பூக்கும். தோட்டத்தில் இலவு இருக்கட்டும். குட்டிக் காட்டில் முள்ளிலவு ஒன்று நிற்கட்டும். பங்குனி வெயிலில் அதன் பூவுக்கு எத்தனை பறவை வருகிறது என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம்.

ஆட்டுக்கு யார் பதில் சொல்வது?

தண்ணீருக்கு அடுத்த வில்லன் ஆடு. ஆடு மேய்க்கிறவரை விரோதியாக்கினால் காடு தோற்றது. இரும்பு வலை அடித்தால் பணம் போகும், ராத்திரியோடு ராத்திரியாக வலையும் போகும். அதற்குச் சீமைக் கருவேல முள்ளையே வெட்டி வேலி போடலாம். முள்ளும் குறையும், கன்றும் பிழைக்கும். மூன்று வருடம் கழித்து மரம் எட்டாத உயரத்துக்குப் போனதும் உள்ளே உதிரும் வெள்வேல் காயை ஆட்டுக்காரரே பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முதலிலேயே பேசி எழுதி வைத்தால் அவரே காவல்காரர்!

2022 செப்டம்பர் 24-ந் தேதி தமிழக அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தில் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது குறி. ஆனால் கன்று கிடைப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை வரும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

கோட்டூர்புரத்தில் அந்த ஆட்கள் பக்கத்து வீடுகளில் இருந்தே வந்தார்கள். மயிலாடும்பாறைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டு, கோயில் கமிட்டி உண்டு, மகளிர் குழு உண்டு. வேலைக்காகத் தேனிக்கும் மதுரைக்கும் போய் லீவுக்கு ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. ஆரம்பிக்க 600 கன்று தேவையில்லை. இருபத்தொரு குழி, வீட்டுக்கு ஒரு குழி.

ஆவணி, புரட்டாசியில் குழி வெட்டி, எருவும் சருகும் போட்டு ஆறவிட வேண்டும். ஐப்பசி முதல் மழை இறங்கியதும் கன்று வைக்க வேண்டும். கார்த்திகை வரை மழையே தண்ணீர் ஊற்றிவிடும். தை பிறந்த பிறகுதான் குடத்துக்கு வேலை.

கன்று வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு வேப்பங்கொட்டை இருக்கிறது. ஆனி, ஆடியில் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும். பொறுக்கிய இரண்டு வாரத்துக்குள் பையில் மண் போட்டு ஊன்றிவிட வேண்டும். டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கு என்று பத்திரம் பண்ணினால் முளைக்காது. இலுப்பை விதையும் அப்படித்தான்.